பிலோமினா அக்காவின் விமானம் அன்று ஏன் வரவில்லை

வெல்டிங் ஷெட் மணிவேலு காலையில் போன் செய்து, "அக்கா போயிட்டாங்க சார்" என்றார். நான் கோர்ட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தேன். "கோலாருக்கா? நானும் அங்கதான் போறேன். பஸ் ஸ்டாண்டுல நிக்கச் சொல்லுங்க, சேர்ந்து போயிடலாம்" என்றேன். மறுமுனையில் அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிலோமினா அக்கா ஏதாவது ஒரு காகிதத்துக்காக எந்நேரமும் கோலார் அரசு அலுவலகங்களுக்கு நடையாய் நடந்தவர். அதனால் "போயிட்டாங்க" என்றதும் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. புரிந்த பிறகு, போட்ட கறுப்புக் கோட்டைக் கழற்றவும் தோன்றாமல் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

தூக்கத்திலேயே மாரடைப்பு. அடக்கம் மறுநாள் மாலை என்று முடிவானது. அன்று மதியத்துக்குள் நம் சுரங்க ஊரில், ஸ்கெலட்டன் பகுதி முழுக்க ஒரே பேச்சு: அக்கா தன் கையால் கட்டிய விமானம் கல்லறைத் தோட்டத்துக்கு மேலே வந்து பூத்தூவப் போகிறது. இதை யார் கிளப்பிவிட்டார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை. ஆனால் ரோஜா இதழும் சாமந்தியுமாக இரண்டு கோணிப்பைப் பூ வந்து சேர்ந்துவிட்டது. ஒன்று விமானம் நிற்கும் ஓடுதளத்துக்குப் போனது, ஒன்று அக்கா வீட்டில் இருந்தது. மறுநாள் மாலை பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போது ஊர்க்காரர்களாகிய நீங்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தீர்கள். ஃபாதர்கூட ஜெபத்தின் நடுவில் ஓரிரு முறை மேலே பார்த்தார். விமானம் வரவில்லை. அதை வரவிடாமல் செய்தது நான்தான்.

அன்றிலிருந்து டீக்கடையில் என் டீயில் சர்க்கரை குறைந்துவிட்டது. எதிரே வருகிற பையன்கள் வணக்கம் சொல்வதற்குப் பதிலாக வானத்தைப் பார்க்கிறார்கள். கட்சிக்காரருக்காக எவ்வளவு வேண்டுமானாலும் பேசுவேன். எனக்காகப் பேச வேண்டி வந்தால் எழுத்தில் கொடுப்பதே நல்லது என்று தோன்றுகிறது. ஆகவே இது அஞ்சலி, கூடவே என் தரப்பு வாதம். சாட்சியாக அக்காவையே அழைக்கிறேன்.

அவரைத் தூரத்திலிருந்து மட்டும் பார்த்தவர்களுக்குச் சொல்கிறேன். பிலோமினா அக்கா பெங்களூரில் விமான என்ஜின்களைப் பழுதுபார்க்கும் ஒரு பட்டறையில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். விடியற்காலை ரயிலில் போய், இருட்டிய பிறகு ரயிலில் திரும்பும் நம்மூர்க் கூட்டத்தில் ஒருவர். அவருடைய வேலை ஒன்றுதான். உலகத்தில் எங்காவது ஓர் என்ஜினில் கோளாறு தெரியவந்தால், அதே வகை என்ஜின் வைத்திருக்கும் எல்லோருக்கும் ஒரு பாதுகாப்பு உத்தரவு வரும். இந்தப் பாகத்தைச் சோதி, இத்தனை மணி நேரம் பறந்ததும் மறுபடி சோதி, விரிசல் இருந்தால் மாற்று என்று அதில் இருக்கும். பட்டறைக்கு வந்த ஒவ்வோர் என்ஜினிலும் அது நிறைவேறிவிட்டதா என்று பார்ப்பது அக்காவின் பொறுப்பு. இப்படி ஆயுள் முழுக்க விமானங்களோடு குப்பை கொட்டியும் அவர் ஒரு விமானத்தில் ஏறியதில்லை. ஏன் என்று கேட்டால், "வந்த உத்தரவெல்லாம் நான் படிச்சிருக்கேன் வக்கீல் தம்பி. படிக்காதவங்க ஏறட்டும்" என்பார். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. அதற்குக் காரணம் கேட்டால், வந்த வரன் ஒன்றும் சோதனையில் தேறவில்லை என்பார்.

அப்படிப்பட்டவர் ஓய்வு பெற்ற கையோடு சொந்தமாக ஒரு விமானம் கட்டப்போகிறேன் என்று அறிவித்தார். வெளிநாட்டில் வரைபடம் வாங்கி வீட்டிலேயே சின்ன விமானம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும். இரண்டு பேர் உட்காரும் விமானம். தான் சோதித்த ஒன்றில், அதுவும் ஒரே ஒரு தடவை ஏறி, மேலிருந்து நம் ஊரைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை. நம்மூர்ப் பாலகாட்டில் வெல்டிங் ஷெட் வைத்திருக்கும் மணிவேலு இடம் கொடுத்தார். விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்று கோலாரில் தோட்டம் போட்டுக்கொண்டிருந்த விங் கமாண்டர் ஒருவர் ஓட்டித் தருகிறேன் என்றார். டெல்லிக்கு எழுத வேண்டிய மனுக்களை நான் எழுதினேன். என்ஜின் ஒன்று, பழையது, கடல் தாண்டிப் பெட்டியில் வந்தது. விமானம் உருவாகி வந்த வருஷங்களில் பாதி ஊர் அதை மாதா திருவிழாவுக்குச் செய்யும் புதுத் தேர் என்று நம்பிக்கொண்டிருந்தது. இரண்டு பேர் ஷெட்டுக்கே வந்து காணிக்கை கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஒருவழியாக அனுமதி வந்தது. முதல் பறப்புக்கு நாள் குறித்து அழைப்பிதழும் அச்சடித்தோம். அதில் என் பெயர் மற்றவர்கள் பெயரைவிடக் கொஞ்சம் பெரிய எழுத்தில் இருந்தது. அது அச்சகத்தாரின் தவறு. அந்த வாரம்தான் அந்தப் பாழாய்ப்போன உத்தரவு வந்தது. எங்கள் என்ஜினில் நான்கு சிலிண்டர்கள், அதாவது பெட்ரோல் எரியும் நான்கு குழல்கள். ஒரு குறிப்பிட்ட தொகுதியில் வார்த்த சிலிண்டர்களின் தலைப்பகுதியில் விரிசல் விழுகிறதாம். எங்களுடையது நான்கும் அதே தொகுதி. அக்கா அதைப் படித்து முடித்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, பறப்பு விழா ரத்து என்றார்.

நான் விடவில்லை. அவர் வீட்டுக்கே போய் ஒரு மாலை முழுக்க வாதாடினேன். உத்தரவு தொழிற்சாலையில் செய்து சான்றிதழ் பெற்ற விமானங்களுக்கு உரியது. நம்முடையது வீட்டில் செய்தது. ஆகவே நமக்குச் செல்லாது. செல்லும் என்றே வைத்துக்கொண்டாலும் அது வேறு நாட்டு உத்தரவு. அதையும் தள்ளிவைத்தாலும், இன்னும் பறக்கவே பறக்காத விமானத்துக்கு அது எப்படிப் பொருந்தும்? கோலார் கோர்ட்டில் இந்த வாதத்தைக் கேட்டிருந்தால் எதிர்த்தரப்பு வாய்தா வாங்கிக்கொண்டு ஓடியிருக்கும். அக்கா அவரைக்கொட்டையைப் பிதுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"வக்கீல் தம்பி, சட்டம் நீ சொல்றதுதான் சரி. ஒத்துக்கறேன்" என்றார். "ஆனா விரிசலுக்கு இத யாரு படிச்சுக் காட்டுறது?"

"அப்போ சிலிண்டர் கெட்டுப்போச்சுன்னு சொல்றீங்களா?"

"தெரியாது."

"நல்லா இருக்குதுன்னு வச்சுக்கலாமா?"

"அதுவும் தெரியாது. தெரியாத ஒண்ணுல இன்னாத்துக்கு கமாண்டர ஏத்தணும்?"

அந்தத் "தெரியாது" இருக்கிறதே, அதைக் கேட்டு எரிச்சல் அடையாதவர்கள் நம்மில் யாரும் இருக்க மாட்டார்கள். மழை வருமா என்று கேட்டாலும் அதே பதில், பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளை பாஸாகுமா என்று தாய் கேட்டாலும் அதே பதில். ஆறுதலுக்காக ஒரு வார்த்தை கூடச் சொல்ல அவருக்கு வராது. அன்று நான் கோபத்தில் பிதுக்குப்பருப்புக் குழம்பு சாப்பிடாமலே எழுந்து வந்தேன். அதற்கு இன்றும் வருத்தப்படுகிறேன்.

சோதனை என்னவோ எளிதுதான். சிலிண்டருக்குள் கம்ப்ரஸரால் காற்றை அடைத்து, வெளியே சோப்புத் தண்ணீர் தடவ வேண்டும். விரிசல் இருந்தால் நுரை குமிழியிடும். அப்படிக் காற்று அடைக்கும்போது விமானத்தின் முன்விசிறி திடீரென்று சுழன்று ஆளை அடித்துவிடலாம். அதனால் ஞாயிற்றுக்கிழமை மாலை யாரும் ஷெட் பக்கம் வர வேண்டாம் என்று மாதா கோவிலில் அறிவிக்கச் சொல்லியிருந்தார் அக்கா. காலைப் பூசை முடிவில் ஃபாதர் அதை வாசித்தார். "இன்று மாலை பாலகாட் மணிவேலு ஷெட்டில் பிலோமினா அம்மா சிலிண்டர் பாதுகாப்புச் சோதனை நடத்துகிறார்" என்பது வரை மைக் ஒழுங்காக வேலை செய்தது. அதற்கு மேல் கரகரத்துவிட்டது. சிலிண்டர் என்றால் நம் ஊரில் எதை நினைப்பார்கள் என்று அக்காவுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

மாலையில் ஊரே வந்தது. ஸ்கூட்டரில், சைக்கிளில், ஆட்டோவில், ஒருவர் பிள்ளையைத் தள்ளும் வண்டியில், சமையல் கேஸ் சிலிண்டர்களை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். பூசைக்கு வராத இந்துக் குடும்பங்களுக்கும் செய்தி போய்விட்டது. வெல்டிங் ஷெட் வாசலில் சிவப்புச் சிவப்பாய் வரிசை நின்றதைப் பார்த்ததும் மணிவேலுவுக்கு உயிரே போய்விட்டது. மெயினை அணைத்தார். வரிசையில் நின்றவர்களின் வாயிலிருந்து பீடியைப் பிடுங்கிப் பிடுங்கி மிதித்தார். "அக்கா, ஒரு பொறி பட்டா போதும், பாலகாட்டு மொத்தமும் மேல போயிடும். நம்ம ப்ளேன் ஒண்ணுதான் கீழ நிக்கும்" என்று கெஞ்சினார்.

நானாக இருந்தால் எல்லோரையும் திட்டித் திருப்பி அனுப்பியிருப்பேன். அக்கா அப்படிச் செய்யவில்லை. வரிசையை அப்படியே எதிரே இருந்த திறந்த மைதானத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். விமானத்துக்காகக் கரைத்து வைத்த சோப்புத் தண்ணீர் வாளியைத் தூக்கிவரச் சொன்னார். தூக்கியவன் நான். ஒவ்வொரு சிலிண்டராகக் குனிந்து, வால்வில் நுரையைத் தடவி, கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். "சிலிண்டரு நல்லா கீதா அக்கா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் "தெரியாது, இரு" என்றார். ஒரு பெண் கொண்டுவந்த சிலிண்டரில் குமிழ் வந்தது. வீட்டில் ஒரு வாரமாக வாசனை வருகிறதாம். அது மாமியார் தடவிக்கொள்ளும் தைலம் என்று நினைத்து வாய்ச்சண்டை வரை போயிருக்கிறது. அந்தப் பெண் சிலிண்டரை அங்கேயே விட்டுவிட்டு, மாமியாரிடம் என்ன சொல்வது என்று எங்களைக் கேட்டார். அந்த விஷயத்தில் மட்டும் நாங்கள் கருத்துச் சொல்லவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு மிச்சமிருந்த தண்ணீரோடு என்ஜினுக்கு வந்தோம். விசிறியை மணிவேலுவும் கமாண்டரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். முதல் சிலிண்டரில் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் இல்லை. என் அழைப்பிதழை நான் மனதுக்குள் மறுபடி விநியோகிக்க ஆரம்பித்திருந்தேன். மூன்றாவதில், சூடு தணிக்கும் இரண்டு தகடுகளுக்கு நடுவில், கைக்குழந்தையின் வாயோரத்தில் வருவதுபோல ஒரு சின்னக் குமிழ் வந்தது. உடைந்தது. மறுபடி வந்தது. அக்கா என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூட இல்லை. "ம். இப்போ தெரியுது" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். கமாண்டர் அந்தக் குமிழையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். ஆயிரம் அடி உயரத்தில் அந்த விரிசல் என்ன ஆகியிருக்கும் என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நான் என் வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

புதுச் சிலிண்டர் வந்து சேர மாதங்கள் ஆயின. அன்று நாலாவதில் குமிழ் வரவில்லை. மற்ற மூன்றையும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் குறிப்பிட்ட மணி நேரம் பறந்ததும் மறுபடி சோப்புத் தண்ணீர் போட்டே ஆக வேண்டும் என்பது உத்தரவு. விமானத்தை லாரியில் ஏற்றி, ஆந்திர எல்லையோரம் ஒருவர் தோட்டத்தில் இருந்த தனியார் ஓடுதளத்தில் கொண்டுபோய் நிறுத்தினோம். முதலில் பல நாட்கள் கமாண்டர் தனியாகத்தான் ஓட்டினார், விதி அப்படி. பிறகு ஒரு காலையில் அக்கா இரண்டாவது இருக்கையில் உட்கார்ந்தார். புதுப் புடவை கட்டியிருந்தார், தலையில் பூ வைத்திருந்தார். மணிவேலு பெல்ட்டைப் போட்டுவிட்டு, மறுபடி ஒருமுறை இழுத்துப் பார்த்தார். விமானம் எழும்பி நம் ஊர்ப் பக்கம் திரும்பியபோது, ஒரு கோர்ட்டிலும் அழாத எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இறங்கி வந்ததும் ஓடிப்போய், மேலிருந்து ஊர் எப்படி இருந்தது என்று கேட்டேன். ஸ்கெலட்டன் தெரிந்ததா, பாலகாட் தெரிந்ததா, சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேடுகள் தெரிந்தனவா என்று அடுக்கினேன்.

"ஊரா? நான் எங்க தம்பி பாத்தேன்?" என்றார் அக்கா. "மூணாவது சிலிண்டர்ல சூடு கொஞ்சம் ஏறுச்சு. முள்ளையே பாத்துகினு வந்தேன்."

போய்த் திரும்பும் வரை அவர் அந்த மீட்டரைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை என்று கமாண்டர் சொன்னார். கீழே பாருங்கள், உங்கள் வீடு என்று அவர் கத்தியதற்கு, முன்னாடி பாத்து ஓட்டுங்க என்று பதில் வந்ததாம். எனக்குக் கோபம் தலைக்கேறியது. இத்தனை வருஷம், இத்தனை மனு, எல்லாம் ஒரு முள்ளைப் பார்க்கவா என்று கேட்டேன். அக்கா சமாதானமாக, அடுத்த வாட்டி கண்டிப்பாக ஊரைப் பார்க்கிறேன் என்றார். அந்த அடுத்த தடவை வரவில்லை.

இனி அடக்க நாளுக்கு வருகிறேன். அன்று காலை ஓடுதளத்திலிருந்து கமாண்டர் போன் செய்தார். வானம் தெளிவாக இருக்கிறது, பெட்ரோல் போட்டாகிவிட்டது, பூ மூட்டையும் வந்துவிட்டது என்றார். பிறகு சற்றுத் தயங்கி, சோப்புத் தண்ணீர்ச் சோதனைக்கு உரிய மணி நேரம் போன தடவை பறந்தபோதே முடிந்துவிட்டது என்றார். அக்கா இந்த வாரம் செய்வதாக இருந்தாராம். என்ஜின் மூடியைக் கழற்றி, கம்ப்ரஸர் கொண்டுபோய்ச் சோதித்து முடிக்க ஒரு நாள் பிடிக்கும். அடக்கமோ மாலையில். இதுவரை போகலாம், வேண்டாம் என்று சொன்னவர் அக்கா. இப்போது அதைச் சொல்ல வேண்டியது நீங்கள்தான் என்றார்.

அன்று அவரைக்கொட்டையோடு கேட்டுக்கொண்டிருந்த அக்காவிடம் எடுத்துவைத்த வாதம் அத்தனையும் எனக்குள் வரிசையாக எழுந்து நின்றன. வீட்டில் செய்த விமானம். வேறு நாட்டு உத்தரவு. கூடவே புதிதாக ஒன்று: பத்து நிமிஷம்தானே, அதுவும் அவருக்காகத்தானே. ஊர் முழுக்கக் காத்திருக்கிறது. மறுத்தால் என்னைச் சும்மா விடமாட்டார்கள் என்பதும் தெரிந்தே இருந்தது.

"சிலிண்டர் நல்லா இருக்குமா கமாண்டர்?" என்று கேட்டேன்.

"இருக்கும்னுதான் நினைக்கிறேன்."

"தெரியுமா?"

"தெரியாது" என்றார்.

"அப்போ வேணாம்" என்றேன். போனை வைத்த பிறகு, அக்காவின் கடைசி ஊர்வலத்தை நானே கெடுத்துவிட்டேனோ என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

கல்லறைத் தோட்டத்தில் நடந்தது உங்களுக்கே தெரியும். பெட்டி இறங்கிவிட்டது, வானம் காலியாக இருக்கிறது, எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டீர்கள். நான் உத்தரவு, மணி நேரம், விரிசல் என்று விளக்க ஆரம்பித்தேன். சவ அடக்கத்தில் வாதாடுகிறான் பார் என்று பின்னால் யாரோ சொன்னது காதில் விழுந்தது. பெங்களூருக்கு வேலைக்குப் போகிற பையன்கள் போனைத் தூக்கிப் பிடித்தபடி வீடியோ எடுக்கத் தயாராக நின்று ஏமாந்திருந்தார்கள். அப்போது சுரங்கத்தில் வேலை செய்து பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர், கைத்தடியை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்தார்.

"இன்னா சார், செக்கிங் ஆவலியா?" என்று கேட்டார்.

"ஆவலைங்க ஐயா."

அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பி, "செக்கிங் ஆவலயாம்பா. கேஜ் எறங்காது" என்றார்.

அவ்வளவுதான். அண்ணாந்திருந்த தலைகளில் பாதி கீழே இறங்கிவிட்டது. இளைஞர்களுக்காகச் சொல்கிறேன். சுரங்கம் நடந்த காலத்தில், ஆட்களை இறக்கும் கூண்டான கேஜை முதலில் வெறுமையாக இறக்கி ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் ஷிப்ட்டை உள்ளே விடுவார்கள். அது ஆகவில்லை என்றால் மொத்த ஷிப்ட்டும் ஷாஃப்ட் என்னும் சுரங்கக் குழியின் வாசலில் உட்கார்ந்திருக்கும். யாரும் முணுமுணுக்க மாட்டார்கள். நான் சட்டப் பிரிவுகளால் சொல்ல முடியாததை அந்தப் பெரியவர் இரண்டே சொல்லில் முடித்துவிட்டார். அக்கா வீட்டிலிருந்து எடுத்து வந்த பூவை எல்லோரும் கையாலேயே அள்ளிப் போட்டோம். பெட்டி தெரியாத அளவுக்குப் பூ.

மறுநாள் மணிவேலுவும் நானும் கம்ப்ரஸரை ஏற்றிக்கொண்டு ஓடுதளத்துக்குப் போனோம். கமாண்டர் விசிறியைப் பிடித்துக்கொண்டார். இந்தத் தடவை வாளியைத் தூக்கியவனும் நான்தான், நுரையைத் தடவியவனும் நான்தான். கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தேன். நான்கு சிலிண்டரிலும் ஒரு குமிழ்கூட வரவில்லை. நுரை தானாக வற்றிக் காய்ந்தது. இது வெளியே தெரிந்தால் டீக்கடையில் எனக்கு டீயே கிடைக்காது என்று நினைத்தேன். இப்போது நானே எழுதிவிட்டேன்.

மணிவேலு வாளியைக் கவிழ்த்துவிட்டு, "நேத்தே பறந்திருக்கலாம் சார். ஒண்ணும் ஆயிருக்காது" என்றார்.

"இன்னிக்குத் தெரியுது மணி" என்றேன். "நேத்து தெரியாதே."

சொன்ன பிறகுதான் அவர் என்னை வெறித்துப் பார்ப்பது தெரிந்தது. கவிழ்த்த வாளியின் மேலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார். கமாண்டர் விசிறிப் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் அழுதேன்.

வக்கீல் தொழிலில் சொல்லவே கூடாத சொல் ஒன்று உண்டென்றால் அது "தெரியாது" என்பதுதான். என் சீனியர் எனக்கு முதலில் சொல்லிக் கொடுத்ததே அதைத்தான். போன வாரம் ஒரு கட்சிக்காரர், நிலத் தகராறு, நூறு ஏக்கர் விஷயம்போல முகத்தை வைத்துக்கொண்டு, கேஸ் ஜெயிக்குமா சார் என்று கேட்டார். தெரியாது, பத்திரத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அவர் எழுந்து அடுத்த அறையில் இருக்கும் வக்கீலிடம் போய்விட்டார். பிலோமினா அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு சொல்தான். அதை வைத்துக்கொண்டு பிழைப்பு நடத்துவது கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் விட முடியவில்லை.